ஐஸ் தளம் பெரிதானால் ஹாக்கி விறுவிறுப்பாகுமா?

போன சித்திரையில் டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன், எங்கள் கடலூர் வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒரு விளையாட்டுத் தளம் வரைந்தான். அம்மா வடகம் பிழிந்து காயவைத்திருந்த மூலையை மட்டும் விட்டுவைத்தான். அதுவும் அம்மா படியருகே நின்று முறைத்துக்கொண்டிருந்ததால்.

வரைய வைத்தவன் நான்தான். வந்த நாளிலிருந்து அவன் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து மடிக்கணினியில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அப்போது மாலை ஏழு மணி. தூக்கம் கெட்ட எரிச்சலோடு நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பள்ளி நாட்களில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஹாக்கி மட்டையோடு அலைந்தவன் என்பதால் எனக்கும் அபிப்பிராயம் சொல்ல உரிமை இருப்பதாக நினைப்பு. "என்னடா இது, தீப்பெட்டிக்குள் ஆடுகிறார்கள்? தளத்தைப் பெரிதாக்கினால் ஆட்டம் பறக்குமே" என்றேன்.

"அங்கேயும் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் மாமா" என்று சிரித்தான்.

இடம் பெரிதானால் ஆட்டம் தாராளமாகும், ஆட்டம் தாராளமானால் கோல் கூடும், கோல் கூடினால் விறுவிறுப்பு தானாக வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாடியில் இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த பிறகு, இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட உறுதியாக இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கே எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த ஹாக்கி?

ஹாக்கி என்றால் நமக்கு மைதான ஹாக்கி. கனடாக்காரர்களுக்கு அந்தச் சொல்லே ஐஸ் ஹாக்கியைத்தான் குறிக்கும். அணிக்கு ஆறு பேர், கோல் கீப்பரையும் சேர்த்து. காலில் ஸ்கேட், கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாகத் தட்டையான கடினமான ரப்பர் வில்லை ஒன்று. அதன் பெயர் பக். மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட அதைப் பார்த்தால் ஷூ பாலிஷ் டப்பா நினைவுக்கு வரும். எடையோ ஏறத்தாழ கிரிக்கெட் பந்தின் எடை. ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி உறையவைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் துள்ளும்.

பவுடர் போட்ட கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் வழுக்கிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். பக் அப்படித்தான் போகிறது. கேரம் பலகையைப் போலவே சுற்றிலும் சட்டம் உண்டு. அதாவது இடுப்புயரத்துக்கு மேல் பலகைச் சுவர், அதன்மேல் கண்ணாடி. பக் அதில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. கோலுக்குப் பின்னாலும் இடம் இருக்கிறது, அங்கேயும் ஆடலாம். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த முக்கால் நிமிடத்துக்கு ஷிஃப்ட் என்று பெயர். அந்த ஆட்டம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். யாரும் களைப்போடு நீண்ட நேரம் உள்ளே இருப்பதில்லை.

சாக்பீஸில் ஒரு சாண்

மாடிக்கு வருவோம். அவன் பத்தடியை ஓரடியாகச் சுருக்கி வரைந்தான். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். பயன்படுத்தும் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். எங்கள் மாடியில் அது இருபதடிக்கு எட்டரை அடி. ஐரோப்பாவிலும் உலகப் போட்டிகளிலும் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்த பெரிய தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அகலத்தில் சுமார் 13 அடி கூடுதல்.

அந்தப் பெரிய தளத்தை மஞ்சள் சாக்பீஸால் முதல் படத்தின் மேலேயே வரைந்தான். இருபக்கமும் எட்டு எட்டு அங்குலம் வெளியே தள்ளி ஒரு கோடு விழுந்தது. கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட முழுதாக இல்லை. "இதற்காகவா இத்தனை சண்டை?" என்று கேட்டேன்.

"அளவை விடுங்கள் மாமா, அது எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்" என்றான்.

அதுதான் கேள்வியே. கோல் கம்பங்களுக்கு இடையே ஆறடிதான். மாடியில் ஏழு அங்குலம். கோலுக்கு முன்னே இருபதடி தள்ளி, நடுவிலிருந்து இருபுறமும் 22 அடி விலகி, இரண்டு புள்ளிகள் உண்டு. ஆட்டம் நின்றால் நடுவர் பக்கைப் போட்டு மறுபடி தொடங்கும் இடங்களில் அவையும் அடக்கம். பெரும்பாலான கோல்கள் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் கோலுக்கும் நடுவே உள்ள பகுதியிலிருந்துதான் விழுகின்றன. அந்தப் பகுதியை அவன் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து வெள்ளையாக்கினான். மஞ்சள் கோடு அங்கிருந்து வெகு தூரத்தில், சுவரோரமாகக் கிடந்தது. சின்னத் தளமோ பெரிய தளமோ, அந்த வெள்ளைப் பகுதி ஏறத்தாழ அதேதான்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி வாசல் ஒன்றுதான், அங்கேதான் கூட்டம். மண்டபத்தின் பக்கச் சுவர்களை இடித்து அகலமாக்கினால் காலாறக் கூடுதல் இடம் கிடைக்கும்; பந்தி வாசலில் நெரிசல் குறையாது. தடுப்பாட்டக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். எதிராளி பக்கோடு சுவரோரம் போனால், "போ, அங்கேயே சுற்று" என்று விட்டுவிட்டு வாசலை அடைத்து நிற்பார்கள். அகலமான தளத்தில் பக் அழகாக ஓரத்தில் வலம் வரும். ஆபத்து மட்டும் இருக்காது.

2014ஆம் ஆண்டு சோச்சி ஒலிம்பிக் பெரிய தளத்தில் நடந்தது. தங்கம் வென்ற கனடா ஆடவர் அணி ஆறு ஆட்டங்களில் விட்டுக்கொடுத்த கோல்கள் மொத்தம் மூன்று. நிபுணர்கள் மெச்சினார்கள், பார்த்தவர்களில் பலர் கொட்டாவி விட்டார்கள். அதற்கு முந்தைய 2010 வான்கூவர் ஒலிம்பிக் என்.எச்.எல். அளவுச் சின்னத் தளத்தில் நடந்தது. அதன் இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய், அமெரிக்காவைக் கனடா 3-2 என்று வென்றதைக் கனடாக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். இரண்டு தொடர்களை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் உலக அமைப்பே இப்போது 26 மீட்டர் அகலத்தை ஏற்றுக்கொண்டு, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கைச் சின்னத் தளத்தில் நடத்தியது.

இந்த 200க்கு 85 என்பது யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்ட அளவும் அல்ல. 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலில் கூரைக்கடியில் நடந்த முதல் ஹாக்கி ஆட்டம் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் நடந்தது. ஊரார் சறுக்கி மகிழக் கட்டிய இடம் அது. ஐஸ் பரப்பு 204 அடிக்கு 80 அடி. பின்னால் வந்தவர்கள் கிட்டத்தட்ட அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு செய்திதான் என் வாயை முழுதாக அடைத்தது. 1981-82 பருவத்தில் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றுக்கு, இரண்டு அணிகளும் சேர்த்து, சராசரியாக எட்டு கோல் விழுந்தது. 2003-04 பருவத்தில் அது ஐந்து சொச்சம். இடையில் தளத்தை யாரும் சுருக்கவில்லை. சொல்லப்போனால், பாஸ்டனிலும் சிகாகோவிலும் இருந்த சற்றே சிறிய பழைய அரங்குகள் 1990களில் மூடப்பட்டு, முழு அளவு அரங்குகள் வந்தன. தளம் பெரிதானது, கோல் குறைந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கூடுதல் அகலம் கோலுக்குத் தொலைவில், சுவரோரம் போய்ச் சேருகிறது. அது ஆட்டக்காரருக்கு மூச்சுவிட இடம் தரும். கோல் வாசலைத் திறந்துவிடாது.

தலைக்கு எத்தனை சென்ட்?

அப்படியானால் இடமே ஒரு பொருட்டில்லையா என்றால், அப்படியும் இல்லை. தளத்தின் மொத்த அளவைவிடத் தலைக்கு எவ்வளவு இடம் என்பதுதான் கணக்கு. நம் ஊரில் மனை பேசுவதுபோல் சென்ட்டில் பேசுவோம்.

கோல் கீப்பர்களை விட்டுவிட்டால் ஐஸில் பத்துப் பேர். மூலைகள் வளைந்திருப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். என்.எச்.எல். தளத்தில் தலைக்கு நான்கு சென்ட் சற்றுக் குறைய. பெரிய தளத்தில் நான்கரை சென்ட். சுவரை இடித்து, முன்வரிசை இருக்கைகளைப் பெயர்த்து, இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது அரை சென்ட்.

இப்போது ஒரு செங்கல்லையும் நகர்த்தாமல் ஆட்களைக் குறையுங்கள். அணிக்கு மூவர் என்று வைத்தால் தலைக்கு ஆறரை சென்ட். என்.எச்.எல். இதைத்தான் செய்தது. 2015-16 முதல், வழக்கமான பருவ ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் அணிக்கு மூன்று பேர்தான், கோல் கீப்பர் தனி. முதலில் கோல் போடுகிறவர் வென்றார். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும். ஒருவன் தவறினால் அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. பக் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான்கைந்து நொடியில் போய்விடும். அதை முதன்முதலாகப் பார்த்த விடியற்காலையில் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அந்தப் பதிவு பழையது. அவன் எனக்காகத் தேடி எடுத்துப் போட்டது. ஏனென்றால் நாங்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நாக்கவுட் ஆட்டங்களில் இந்த மூவர் முறை கிடையாது. அங்கே கூடுதல் நேரமும் முழு ஆட்களோடுதான்.

ஆட்களைக் குறைப்பது புதிதும் அல்ல. 1875இல் அணிக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். பிறகு ஏழானது. 1911இல் தொழில்முறை சங்கம் ஒன்று ஏழாவது ஆளையும் நீக்கி ஆறாக்கியது.

சென்ட் கணக்கில் வேகத்தையும் சேர்க்க வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு இரண்டு மீட்டர் என்பது கால் நொடி. அகலமான தளம் ஓரத்தில் உங்களுக்குக் கொடுப்பது அவ்வளவுதான். ஆட்டக்காரரிடம் பக் வந்த கணத்திலிருந்து எதிராளி வந்து மோதும் கணம்வரை உள்ள நேரம் இருக்கிறதே, அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, தள்ளிவிட வேண்டும். அந்த நேரம் மிகக் குறைந்தால் ஆட்டம் வெறும் மோதல். மிகக் கூடினால் ஊர்வலம். என் கணக்கில் விறுவிறுப்பு என்பது இந்த நேரம் சற்றே போதாமல் இருக்கும் நிலை. விதிகளின் வேலை பெரும்பாலும் இந்த நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.

துண்டு முதலில், ஆள் பின்னால்

விதிகளில் முதலாவது ஆஃப்சைடு. தளத்தின் குறுக்கே இரண்டு நீலக் கோடுகள் உண்டு. அவை தளத்தை மூன்றாகப் பிரிக்கின்றன: நம் கோல் இருக்கும் பகுதி, நடுப்பகுதி, எதிரியின் கோல் இருக்கும் பகுதி. பக் நீலக் கோட்டைத் தாண்டி எதிரியின் பகுதிக்குள் போகும் முன் நம் ஆள் அங்கே போய்விடக் கூடாது. அதற்குத்தான் ஆஃப்சைடு என்று பெயர்.

கடலூர் பேருந்து நிலையத்தில் வண்டி நுழைந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான். துண்டு முதலில் போக வேண்டும், ஆள் பின்னால் ஏற வேண்டும். பக்தான் துண்டு. துண்டு போடும் முன்பே உள்ளே உட்கார்ந்திருப்பவன் ஆஃப்சைடு.

இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1928-29 பருவத்தில் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றுக்கு இரண்டு அணிக்கும் சேர்த்து மூன்று கோல்கூட விழவில்லை. மாண்ட்ரியல் கோல் கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் ஒரு கோலும் விடவில்லை. தாக்கும் பகுதிக்குள் சக ஆட்டக்காரருக்கு முன்னோக்கிப் பக்கைக் கொடுக்கத் தடை இருந்தது. ஒருவன் ஒண்டியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். அடுத்த பருவம் அந்தத் தடையை நீக்கினார்கள். உடனே ஆட்கள் எதிரி கோலுக்கு முன்னால் போய்ப் படுக்கை போடாத குறையாகக் காத்துக்கிடந்தார்கள். கோல் மழை. அதுவும் சலித்தது. 1929 டிசம்பரிலேயே, பருவம் பாதியில் இருக்கும்போது, பக்குக்கு முன்னால் ஆள் போகக் கூடாது என்று விதி போட்டார்கள். அப்படியும் பருவம் முடிந்தபோது கோல் சராசரி முந்தைய ஆண்டைப்போல் இரண்டு மடங்கு. தளம் அங்குலம்கூட மாறவில்லை.

இரண்டாவது ஐசிங். நெருக்கடியில் சிக்கிய அணி தன் பாதியிலிருந்து பக்கை ஓங்கி அடித்து எதிர்க்கோடியில் கோல் கோட்டுக்கும் அப்பால் அனுப்பிவிட்டு மூச்சுவிடப் பார்க்கும். அது ஐசிங். தண்டனையாக ஆட்டம் மறுபடி அவர்கள் கோலுக்குப் பக்கத்திலேயே தொடங்கும். தெருக் கிரிக்கெட்டில் பந்தைப் பக்கத்து வீட்டு மாடிக்கு அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும் என்று வைத்திருப்போம் இல்லையா, அந்த நியாயம். 2005 முதல் இதில் ஒரு காரம் கூட்டினார்கள்: ஐசிங் செய்த அணி ஆள் மாற்ற முடியாது. மூச்சு வாங்குகிற அதே ஐவர் நிற்க, எதிரணி புத்துணர்ச்சியோடு ஆட்களை இறக்கும். ஒரு வரி விதிதான். ஐஸ் ஹாக்கி பார்க்கும்போது நான் இருக்கை நுனிக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாவது பவர் பிளே. கிரிக்கெட்டின் பவர் பிளேயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தவறு செய்தவனை இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைப்பார்கள். அவன் அணி ஓர் ஆள் குறைவோடு ஆட வேண்டும். எதிரணிக்கு அது பவர் பிளே. கபடியில் ஆள் வெளியே போனால் பிடிக்க ஆள் குறைவதுபோல. முன்பெல்லாம் இரண்டு நிமிடமும் முழுதாக உட்கார வேண்டும். 1955 நவம்பரில் மாண்ட்ரியலின் ஜான் பெலிவோ ஒரே பவர் பிளேயில் 44 நொடிக்குள் மூன்று கோல் போட்டார். அடுத்த பருவத்திலிருந்து, ஒரு கோல் விழுந்ததும் வெளியே இருப்பவன் உள்ளே வரலாம் என்று மாற்றினார்கள். ஓர் அணியின் திறமை விதியையே வளைத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கரைவலை

1990களில் என்ன கெட்டது? பயிற்சியாளர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்.

தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். வலை மீனைத் துரத்துவதில்லை. அகலமாக வளைத்துப் போட்டு, இரு முனைகளையும் நிதானமாக இழுத்து இழுத்து, மீன் போவதற்கு ஒரே திசையை மிச்சம் வைக்கும். ஹாக்கியில் இதற்கு டிராப் என்று பெயர். எதிரியைத் துரத்தாமல் ஐவரும் நடுப்பகுதியில் விரிந்து நிற்பார்கள். பக்கோடு வருகிறவனுக்குச் சுவரோரம் மட்டும் வழி திறந்திருக்கும். அங்கே சுவரே ஆறாவது தடுப்பாளர். பக் பறிபோகும். நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி 1995இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது இப்படித்தான். வென்றதும் எல்லோரும் வலை விரித்தார்கள். வலைமேல் வலையாக, நடுப்பகுதியில் ஒன்றும் நகராத ஆட்டங்கள்.

இதற்கு உடந்தையாக ஒரு பழைய விதியும் இருந்தது. தன் பகுதியிலிருந்து அடிக்கும் பாஸ், தன் நீலக் கோட்டையும் தளத்தின் நடுச் சிவப்புக் கோட்டையும் சேர்த்துத் தாண்டக் கூடாது. நீண்ட பாஸுக்கு வழியில்லாததால் வலை விரிப்பவருக்குக் காவல் காக்க வேண்டிய இடம் குறைவு. போதாக்குறைக்கு, ஓடுகிறவனை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதை நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள்.

2004-05 பருவம் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் முழுதாக ரத்தானது. திரும்பி வந்தபோது விதிகளை அலசிவிட்டார்கள். இரண்டு கோடு தாண்டும் பாஸுக்கு இருந்த தடை போனது. கொக்கி போடுவது கண்டிப்போடு தண்டிக்கப்பட்டது. கோல் கீப்பரின் உடுப்புகள் சிறிதாக்கப்பட்டன. கூடவே எனக்கு மிகப் பிடித்த ஒரு மாற்றம்: நடுப்பகுதி 54 அடியிலிருந்து 50 ஆனது. கோல் கோடுகளைச் சுவரை நோக்கி இரண்டு இரண்டு அடி தள்ளி, ஒவ்வொரு தாக்கும் பகுதியையும் 60 அடியிலிருந்து 64 ஆக்கினார்கள். தளம் அதே 200 அடி. சுவரைத் தொடாமல் பெயின்ட்டை மாற்றியே ஆபத்தான இடத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள். மாடியில் அவன் ஈரத்துணியால் நீலக் கோட்டைத் துடைத்து ஐந்து விரற்கடைக்கும் குறைவாக நகர்த்தி வரைந்தபோது, "அட, இவ்வளவுதானா" என்று நானே சொன்னேன்.

அடுத்த பருவம் ஆட்டத்துக்கு ஆறு கோலைத் தாண்டியது. கவனிக்க வேண்டியது, அதில் நல்ல பங்கு பவர் பிளேயில் விழுந்தவை. தண்டனைகள் பெருகியதால் வந்தவை. ஆட்டக்காரர்கள் கைகளை அடக்கிக்கொள்ளப் பழகியதும் அந்தப் பெருக்கு மெல்ல வற்றியது. மூவர் ஆட்டத்திலும் இதே கதை. முதலில் காட்டாறு. பிறகு பயிற்சியாளர்கள், "வாய்ப்பு சரியாக அமையாவிட்டால் பக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிடு, மறுபடி சுற்று" என்று சொல்லிக்கொடுத்தார்கள். புது விதி புது மாப்பிள்ளை மாதிரி. கவனிப்பெல்லாம் கொஞ்ச காலம்தான்.

இந்தப் பகுதியின் சாரம்: அளவு மாறாத தளத்தில் கோல் மூன்றுக்குக் கீழிருந்து ஆறுக்கும், எட்டிலிருந்து ஐந்துக்கும், மறுபடி ஆறுக்கும் போய் வந்திருக்கிறது. அசைத்தவை விதியும், விதிக்கு எதிராகப் பயிற்சியாளர் போட்ட திட்டமும்.

திறமை இரண்டு பக்கமும் வளர்கிறது

புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்குள் நின்று, தரையில் கிடக்கும் சின்ன மரக்குண்டின் அருகே இரும்புக் குண்டை எறிய வேண்டும். முந்தைய சுற்றை வென்ற அணிதான் மரக்குண்டைப் போடும். ஆறு மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும். பழுத்த ஆட்டக்காரர் எதிரணியின் கை எந்தத் தூரத்தில் தடுமாறுகிறது என்று பார்த்து அங்கே போடுவார். ஒரே தூரம் ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவருக்குத் தண்டனை.

ஐஸிலும் அப்படித்தான். பாஸை மட்டையில் நிறுத்தத் தெரியாதவனுக்குப் பெரிய தளம் கொடுத்தால், தப்பிய பக்கை எடுக்க ஓடுவதிலேயே அவன் ஆட்டம் முடிந்துவிடும். கைதேர்ந்தவனுக்கோ ஒரு மூலை போதும். வேய்ன் கிரெட்ஸ்கி 1981-82 பருவத்தில் மட்டும் 92 கோல் போட்டவர். எதிரியின் கோலுக்குப் பின்னால், வலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சந்தில் நின்றுகொண்டு ஆட்டத்தையே நடத்துவார். அந்த இடத்துக்கு அவருடைய அலுவலகம் என்றே பெயர் வந்தது. பத்துப் பதினோரு அடிதான் அது. தடுப்பாளர் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் நழுவுவார், இடையில் வலை தடுப்பாக இருக்கும். தளத்திலேயே மிகச் சிறிய இடத்தை ஆபத்தான இடமாக்கிய மனிதர்.

ஆனால் திறமை என்றால் கோல் போடுகிறவனின் திறமை மட்டுமா? 1980களின் கோல் கீப்பர்கள் பெரும்பாலும் நின்றபடி தடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் முழங்காலில் விழுந்து, கால்களை இருபுறமும் விரித்து, கீழ்ப்பகுதி முழுவதையும் அடைக்கப் பழகினார்கள். உடுப்பும் பெருத்தது. வாசல் அதே ஆறடிதான், காவலாளி தேறிவிட்டார். எல்லோரும் தேறிய லீகில் கோல் குறைவதில் வியப்பில்லை. கோல் குறைந்தால் விறுவிறுப்பு குறைந்தது என்றும் அர்த்தமில்லை. கபடியில் ஒருதலையாக 50-20 என்று முடிந்த ஆட்டத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அணிகளின் திறமை நெருக்கமாக இருக்கும்போது, ஒற்றைக் கோல் ஆட்டத்தில்கூடக் கடைசி இரண்டு நிமிடம் வயிற்றைப் பிசையும். தோற்கும் அணி கோல் கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குபவரை இறக்கும். வாசல் திறந்து கிடக்கும். எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

நம் ஹாக்கியில்

மைதான ஹாக்கியின் அளவு 91.4 மீட்டருக்கு 55 மீட்டர். தலைக்கு ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். மூவர் ஐஸ் ஆட்டத்துக்கு நெருக்கமான கணக்கு, ஆனால் ஸ்கேட் இல்லாத கால்கள். இங்கேயும் அளவு மாறாமலே ஆட்டம் அடியோடு மாறியிருக்கிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை வந்தது; பந்து வேகம் பிடித்தது, ஓட்டமும் உடல்வலுவும் முன்னுக்கு வந்தன. முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பை வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடம். 1996இல் ஆஃப்சைடு விதியைச் சோதனையாக நீக்கினார்கள். பிறகு நிரந்தரமாகவே போய்விட்டது. தாக்குபவர் கோல் வாசல்வரை போய் நிற்கலாம் என்றானதும் தடுப்பாளர்கள் பின்னுக்கு இழுக்கப்பட்டார்கள், நடுவே இடம் பிறந்தது. ஐஸ் ஹாக்கியை 1929இல் காப்பாற்றிய விதியை எடுத்துவிட்டதால் இங்கே ஆட்டம் திறந்துகொண்டது. ஐஸ் தளத்தைவிட மூன்று மடங்கு பெரிய மைதானமும், வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்ற நிபந்தனையும் இருப்பதால் இது இங்கே செல்லுபடியாகிறது. ஒரே விதியை இரண்டு விளையாட்டுக்கும் பொதுவாக நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் சின்னப் பிள்ளைகளை முழுத் தளத்தில் விடுவதில்லை. தளத்தைக் குறுக்காகத் தடுத்துச் சிறு கட்டங்களில் ஆடவிடுகிறார்கள். சின்ன இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக் அடிக்கடி வரும் என்பதுதான் காரணம். மருமகன் ஊருக்குக் கிளம்பிய வாரமே இதை நான் மைதானத்தில் செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். வழக்கமாக முழு நீளத்தில் ஆடவிடுவேன். பந்து போகும் இடமெல்லாம் ஈ மொய்ப்பதுபோல் ஒரு கூட்டம் ஓடும். கடைக்கோடியில் நிற்கும் சிறுவன் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவான். அன்று செருப்புகளைக் கோலாக வைத்து மைதானத்தை நான்காகப் பிரித்து, கட்டத்துக்கு மூவருக்கு மூவர் என்று விட்டேன். கடைக்கோடிச் சிறுவனுக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. முதல் பத்து நிமிடம் தடுமாறினான், பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ள ஆரம்பித்தான்.

ஆட்டம் முடிந்ததும் உயரமான பையன் ஒருவன் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பந்தைத் தட்டிவிட்டு எல்லோரையும் முந்தி ஓடியே இத்தனை நாள் கோல் போட்டுக்கொண்டிருந்தவன். அன்று ஓட இடமில்லை.

"சார், அடுத்த வாரம் பழையபடி பெரிய கோடே போட்டுவிடுங்கள்" என்றான்.